மரத் தரைக்கு ஸ்க்ரப்பர் மெஷின்: ஒரு கழித்தல் கணக்கு

வானூர் பக்கத்தில் மரத் தரையா என்று கேட்பவர்கள் உண்டு. நம்ம ஊர் வீடுகளில் சிவப்பு சிமெண்ட் தரை, மொசைக், அப்புறம் டைல்ஸ். இதுதான் வரிசை. ஆனால் கொஞ்சம் சுற்றிப் பார்த்தால் மரத் தரை கணிசமாகவே இருக்கிறது. ஆரோவில்லின் பெரும்பகுதி வானூர் வட்டத்தில்தான் வருகிறது. அதைச் சுற்றி யோகா ஹால், நடன ஹால், கெஸ்ட் ஹவுஸ் என்று ஏகப்பட்டது. ஈ.சி.ஆர். ஓரம் மரக்காணம் வரைக்கும் ரிசார்ட்டுகள். இது போக, கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் சின்ன ஊர்களில்கூட மரத்தளம் போட்ட பேட்மிண்டன் கோர்ட்டுகள் வந்துவிட்டன. இதையெல்லாம் யாராவது சுத்தம் பண்ணித்தானே ஆகணும்?

என் மச்சான் (மனைவியின் தம்பி) அந்த வேலையில்தான் இருக்கிறான். இரண்டு அக்காக்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, மாப்பும் பக்கெட்டுமாக ஆரம்பித்தது. போன வருடம் வேலை கூடியதும் மெஷின் வாங்கலாம்னு முடிவு. ஒரு டீலர் 3,20,000 ரூபாய்க்கு பேட்டரியில் ஓடும் பெரிய ஸ்க்ரப்பர் மெஷினுக்கு கொட்டேஷன் கொடுத்திருந்தார். "மாமா, ஷோரூம்ல ஓட்டிக் காட்டினாங்க, தரை கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. நகையை வெச்சுடலாம்னு இருக்கோம்" என்றான். ஒரு வாரம் பொறு என்று சொல்லிவிட்டு நான் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஒன்றரை மாதம் ஆனது. அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதியதுதான் இந்தக் கட்டுரை. இதே தொழிலில் இறங்கப்போகிறவர்களுக்கும், வீட்டிலோ ஹாலிலோ மரத் தரை வைத்திருப்பவர்களுக்கும் பயன்படலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைல்ஸுக்கு மெஷின் வாங்கும்போது "எவ்வளவு நல்லா தேய்க்குது" என்று பார்க்கலாம். மரத்துக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியது "எவ்வளவு தண்ணியை விட்டுட்டுப் போகுது" என்பது. இந்த ஒரு எண்ணை நாமே அளந்துவிடலாம். தராசும் ஒரு கழித்தல் கணக்கும் போதும்.

மரம் தண்ணீர் குடிக்கும்

வானூர் வட்டத்திலேயே திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், மரத்தின் ரேகை அப்படியே தெரிய, முழுக்கக் கல்லாகிக் கிடக்கின்றன. தண்ணீருக்குக் கவலைப்படாத மரம் என்றால் நம்ம ஏரியாவில் அது ஒன்றுதான். மற்ற எல்லா மரமும் வெட்டி, அறுத்து, பாலிஷ் போட்டு நூறு வருடம் ஆனாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும்.

கணக்காகச் சொன்னால்: 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் இருக்கும் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 9 சதவீதத்தில் நிலைக்கும். ஈரப்பதம் 80 சதவீதமானால் அது 15½ சதவீதத்தைத் தொடும். ஏ.சி. ஓடும் ஹாலுக்கும், மழைக்காலத்தில் ஜன்னல் திறந்து கிடக்கும் ஹாலுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட இதுதான்.

இந்த 6½ சதவீத வித்தியாசத்தில் மரம் எவ்வளவு உப்பும்? 100 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை, அறுத்த வாக்கைப் பொறுத்து, அகலவாக்கில் 1 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே விரியும். அதே அகலத்தில் மேப்பிள் பலகை 2 மி.மீ.க்கு மேல் விரியும். விளையாட்டுத் தளங்களுக்கு உலகம் முழுக்க அதிகம் போடுவது மேப்பிள்தான். நம்ம தேக்கு இதில் மேப்பிளைவிட நல்ல பிள்ளை. நீளவாக்கில் இரண்டுமே பெரிதாக அசையாது.

காற்றின் ஈரத்துக்கே இப்படி. நேராகத் தண்ணீர் போனால்? மேலே பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு பலகையின் முகத்தைத்தான் காப்பாற்றுகிறது. இரண்டு பலகைகள் சேரும் இடத்தைக் காப்பாற்றாது. அந்த இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் பலகையின் அடியில் போய்த் தங்கும். மேல்பக்கம் காயும், அடிப்பக்கம் காயாது. அடிப்பக்கம் விரிய, மேல்பக்கம் விரியாமல் நிற்க, பலகையின் இரண்டு ஓரமும் மேலே தூக்கி நடுவில் குழியும். தாம்பாளம் மாதிரி. வெறுங்காலில் நடந்தாலே தெரியும். அப்படி ஆன தளத்தில் பேட்மிண்டன் ஆடினால் கணுக்கால் போகும்.

எத்தனை இடுக்கு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பேட்மிண்டன் கோர்ட் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். சுமார் 82 சதுர மீட்டர். பலகை 57 மி.மீ. (இரண்டேகால் அங்குலம்) அகலம் என்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 17½ மீட்டர் நீளத்துக்கு இடுக்கு. ஒரு கோர்ட்டில் மட்டும் 1,400 மீட்டருக்கு மேல். ஒன்றரைக் கிலோமீட்டர் நீள இடுக்கின்மேல்தான் தினமும் மாப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்போ தண்ணியே வேண்டாமே?

நானும் அப்படித்தான் கேட்டேன். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி, வாக்யூம் கிளீனர், இது போதாதா? பெங்களூரில் போதலாம். நம்ம கடற்கரையில் போதாது. காரணம் உப்பு.

மரக்காணத்தில் உப்பளம் இருப்பதற்குக் காரணமான அதே கடலும் காற்றும்தான் இந்தத் தரைகளின் மேலும் வேலை செய்கின்றன. கடல் காற்றில் வரும் உப்பு ஜன்னல் வழியாக வந்து படியும். காலிலும் செருப்பிலும் கொஞ்சம் வரும். இதில் வேர்வை உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசகசப்பது இதனால்தான். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். ஈரப்பதம் 35 சதவீதத்தைத் தொடுவதற்குள்ளேயே அது ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர் லேசில் காயாமல் கிடப்பதற்கும் இந்த மக்னீசியம் ஒரு காரணம்.

ஆக, உப்புப் படலம் படிந்த தரை எப்போதும் லேசாகப் பிசுபிசுக்கும். தூசி ஒட்டும். கால் வழுக்கும். உப்பை உலர்ந்த துணியால் முழுசாக எடுக்க முடியாது. கரைத்துத்தான் எடுக்கணும். கரைக்கத் தண்ணீர் வேணும். தண்ணீர் மரத்துக்கு ஆகாது. இந்த இடியாப்பச் சிக்கலுக்காகத்தான் மெஷின்: கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, தேய்த்து, இடுக்கில் இறங்குவதற்குள் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு வில்லன் மணல். உப்புக் கல் மிருதுவானது; கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் 2½ தான், பூச்சைப் பெரிதாகக் கீறாது. கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. நம்ம செம்மண்ணிலும் அது இருக்கிறது. 17 அங்குல வட்டத் தட்டு நிமிடத்துக்கு 175 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போகிறது. அதன் அடியில் மணல் இருந்தால் அது உப்புக்காகிதம்தான். அதனால் எந்த மெஷின் வாங்கினாலும், அதற்கு முன் மென்மையான பிரஷ் வைத்த வாக்யூம் கிளீனர் கட்டாயம். முதலில் மணல், அப்புறம் உப்பு. இந்த வரிசை மாறக்கூடாது.

என்னென்ன வகை இருக்கு

இந்த மெஷின்களுக்கும் மரத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. இன்று தரை சுத்தம் செய்யும் மெஷின்களில் உலக அளவில் பெரிய பெயரான டென்னன்ட், 1870ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் மரவேலைப் பட்டறையாகத் தொடங்கியது. பிறகு மரத் தரைப் பலகை செய்தார்கள். அதற்கப்புறம்தான் தரையைப் பராமரிக்கும் மெஷினுக்கு வந்தார்கள். நம்ம பக்கத்தில் கோயம்புத்தூரின் ரூட்ஸ் மல்டிக்ளீன் இந்த வகை மெஷின்களைத் தயாரிக்கிறது. எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி. தொழிலுக்கு ஆகிற வகைகள் நான்கு.

ஒன்று, ஒற்றைத் தட்டு மெஷின். கல்யாண மண்டபத்தில் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியைத் தூக்கினால் வலப்பக்கம், இறக்கினால் இடப்பக்கம் என்று இழுக்குமே, அதுதான். விலை குறைவு, ரிப்பேர் சுலபம். ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. பின்னாலேயே ஒருவர் ஈர வாக்யூமோடு வர வேண்டும். அந்த இடைவெளி அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, தண்ணீர் இடுக்கில் இறங்க அது போதும். பழைய பூச்சை லேசாகத் தேய்த்துவிட்டு மேலே புதுப் பூச்சு போடும்போது இது அருமையான மெஷின். ஈரச் சுத்தத்துக்கு, மரத்தில், இல்லை.

இரண்டு, பின்னால் நடந்துபோகும் பெரிய ஸ்க்ரப்பர். மச்சான் பார்த்தது இது. முன்னால் தட்டு, பின்னால் வளைந்த ரப்பர் வைப்பர், உறிஞ்சும் மோட்டார், இரண்டு டேங்க். வேகம் அபாரம். சமதளமான டைல்ஸ், கிரானைட்டில் இதை அடிக்க ஆளில்லை. மரத்தில் இரண்டு பிரச்சினை. பலகை லேசாகக் குழிந்திருந்தாலோ, ஓரம் சரிவாகச் செதுக்கியிருந்தாலோ, நேராக இருக்கும் ரப்பர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. தண்ணீர் அங்கேயே நிற்கும். அடுத்தது எடை. பேட்டரியும் தண்ணீருமாக 100 கிலோவைத் தாண்டிவிடும். அது சின்னச் சக்கரங்களில் நிற்கிறது. மாடியில் இருக்கும் யோகா ஹாலுக்கு யார் தூக்குவது?

மூன்று, உருளை பிரஷ் மெஷின். தட்டுக்குப் பதிலாக சப்பாத்திக் கட்டை மாதிரி படுத்தவாக்கில் சுற்றும் பிரஷ்கள். சின்ன சைஸில், கரண்ட் ஒயரோடு வருகிறது. பிரஷ் மயிர் இடுக்கிலும் சரிவிலும் இறங்கும். தரையைத் தொடும் பரப்பு ஒரு மெல்லிய பட்டைதான் என்பதால், குறைந்த எடையிலேயே அழுத்தம் கிடைக்கும். தண்ணீரைக் கொஞ்சமாக விட்டு அந்த இடத்திலேயே எடுத்துக்கொள்ளும். குறை: டேங்க் சின்னது, அகலம் குறைவு, வேகம் குறைவு. தலைமுடி பிரஷ்ஷில் சுற்றிக்கொள்ளும், தினமும் வெட்டி எடுக்கணும். ஒரே இடத்தில் நிறுத்திச் சுற்ற விடவே கூடாது.

நான்கு, அதிரும் தகடு மெஷின். செவ்வகத் தகடு சுற்றாமல் மிகச் சின்ன வட்டத்தில் வேகமாக அதிரும். மூலை வரைக்கும் போகும், தண்ணீர் குறைவு, மரத்துக்கு நல்லதுதான். எங்களுக்குக் கிடைத்த கொட்டேஷன்களில் விலை அதிகம் இதற்குத்தான். சர்வீஸுக்கு சென்னையிலிருந்து ஆள் வரணும் என்றார்கள். அதோடு விட்டுவிட்டோம்.

கழித்தல் கணக்கு

இப்போது முக்கியமான விஷயம். டெமோவில் தரை பளபளப்பதைப் பார்த்து ஒன்றும் முடிவு பண்ண முடியாது. ஈரமான எந்தத் தரையும் பளபளக்கும்! அளக்கணும்.

சுத்தத் தண்ணீர் டேங்கில் ஊற்றியது எவ்வளவு, ஓட்டி முடித்ததும் அதில் மிச்சம் எவ்வளவு, அழுக்குத் தண்ணீர் டேங்குக்குத் திரும்பி வந்தது எவ்வளவு. முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் தரையில் விட்டுவிட்டு வந்த தண்ணீர். அதைப் பரப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 1 மி.லி. என்றால் தரைமேல் 1 மைக்ரான் தடிமனுக்குத் தண்ணீர் என்று அர்த்தம். (வாடிக்கையாளரிடம் பேசும்போது சதுர அடிதான். 1 சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி.)

இரண்டு எச்சரிக்கை. டேங்கில் இருக்கும் கோட்டை நம்பாதீர்கள், பக்கெட்டில் வடித்துத் தராசில் வையுங்கள். அப்புறம், உலர்ந்த பிரஷ்ஷும் குழாயும் முதலில் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். ஒரு ஓரத்தில் இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டுப் பிறகு அளவைத் தொடங்குங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பேட்மிண்டன் ஹாலில், ஒரே அளவு கோர்ட்டுகளில் (82 ச.மீ.) நாங்கள் அளந்தது இது:

சாதாரண நூல் மாப், கையால் பிழிந்தது: பக்கெட்டும் மாப்பும் சேர்த்து 3.6 லிட்டர் குறைந்தது. ச.மீ.க்கு 44 மி.லி.

தட்டையான மைக்ரோஃபைபர் மாப், நன்றாகப் பிழிந்தது: 0.9 லிட்டர். ச.மீ.க்கு 11 மி.லி.

பெரிய ஸ்க்ரப்பர்: ஊற்றியது 10, மிச்சம் 6.2, திரும்பியது 2.5. தரையில் 1.3 லிட்டர். ச.மீ.க்கு 16 மி.லி.

உருளை பிரஷ் மெஷின்: ஊற்றியது 4, மிச்சம் 2.1, திரும்பியது 1.5. தரையில் 0.4 லிட்டர். ச.மீ.க்கு 5 மி.லி.

இதே பெரிய ஸ்க்ரப்பரை டீலரின் ஷோரூம் டைல்ஸில் 40 சதுர மீட்டர் ஓட்டி அளந்தபோது தரையில் விட்டது 0.1 லிட்டர்தான், ச.மீ.க்கு 2½ மி.லி. மெஷினில் குறை ஒன்றுமில்லை. அது சமதளத்துக்காகச் செய்யப்பட்டது, அவ்வளவுதான். ஷோரூமில் 2½, மரத்தில் 16. டெமோவை நம்ம தரையில்தான் பார்க்கணும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்நூறு அறுநூறு ரூபாய் மைக்ரோஃபைபர் மாப் (11), மூன்று லட்ச ரூபாய் மெஷினை (16) இந்த ஒரு விஷயத்தில் தோற்கடிக்கிறது. சின்ன இடங்களுக்கு மெஷினே தேவையில்லை. ஆனால் மாப் அழுக்கைப் பரப்பும், இடுக்கில் இருப்பதை எடுக்காது. அது வேறு விஷயம்.

இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஹால், ஒரு நாள், ஒரு மாடல். முறையைத்தான் எடுத்துக்கொள்ளணும். நாங்கள் எங்களுக்காக வைத்துக்கொண்ட விதி: ச.மீ.க்கு 10 மி.லி.க்குக் கீழே இருக்கணும், மெஷின் போன இடம் இரண்டு நிமிடத்தில் கையால் தொட்டால் காய்ந்திருக்கணும்.

காசு கணக்கு

உருளை பிரஷ் மெஷினுக்கு எங்களுக்கு வந்த விலை 1,40,000. மூன்று வருட ஆயுள் என்று வைத்தால் மாதம் 3,900. பிரஷ், ரப்பர் என்று மாதம் 700. மொத்தம் 4,600. பெரியதுக்கு 3,20,000, மூன்று வருடத்துக்குள் பேட்டரி மாற்ற 40,000, அதே 700. மாதம் 10,700. வித்தியாசம் 6,100 ரூபாய்.

பெரியது மணிக்கு 600 ச.மீ. முடிக்கிறது, சின்னது 150. ஒரு மணி நேரக் கூலி 80 ரூபாய் என்றால், பெரியதால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மிச்சமாவது 40 பைசா. 6,100 ரூபாயை 40 பைசாவால் வகுத்தால் 15,250. அதாவது, மாதம் 15,000 சதுர மீட்டருக்கு மேல் வேலை இருந்தால்தான் பெரிய மெஷினின் வேகம் அதன் விலையைக் கட்டும். மச்சானுக்கு அப்போது இருந்தது 6,000. அதிலும் பாதி மாடி, பாதி சின்ன அறை.

இது மெஷின் செலவு மட்டும். ஒரு ஹாலின் தளம் குழிந்துபோனால் வரும் செலவை இதில் சேர்க்கவே இல்லை. அந்தத் தளம் பல லட்சம். சின்னத் தொழில் நடத்துகிறவர் அப்படி ஒரு தடவை மாட்டினால் எழுந்திருப்பது கஷ்டம். நகையை வைத்து வாங்கிய மெஷின் அதே தொழிலை முடித்துவைக்கக்கூடும் என்பதுதான் எனக்கு இருந்த பயம்.

கடன் என்றால், முத்ரா திட்டத்தில் 50,000 வரை 'சிஷு', அதற்கு மேல் 5 லட்சம் வரை 'கிஷோர்' என்று பிரிவு இருக்கிறது. நகைக்குப் போகும் முன் வங்கியில் அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்பதையும் கொட்டேஷனில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட், பிரஷ், மருந்து

மெஷின் சரியாக இருந்தும் தரை போவது பெரும்பாலும் இங்கேதான். பேட்களுக்கு நிறக் கணக்கு உண்டு. வெள்ளை மிக மென்மை, மெருகேற்ற. சிவப்பு லேசான சுத்தத்துக்கு. நீலமும் பச்சையும் அழுத்தித் தேய்க்க. பிரவுனும் கறுப்பும் பழைய பூச்சை உரித்தெடுக்க. பூச்சு போட்ட மரத்தில் வெள்ளை, மிஞ்சினால் சிவப்பு. அதைத் தாண்டக்கூடாது. உருளை பிரஷ்ஷிலும் மென்மையான மயிர்தான். இரும்புக் கம்பளி நம்ம கடற்கரையில் வேண்டவே வேண்டாம். உடைந்த துகள் இடுக்கில் போய் உப்போடு சேர்ந்து துருப்பிடிக்கும். ஓக் மாதிரி டானின் உள்ள மரத்தில் அது கறுப்புக் கறையாகவே இறங்கிவிடும்.

மருந்து, பி.எச். 7ஐ ஒட்டிய நடுநிலைக் கிளீனர் மட்டும். பினாயில் எண்ணெய்ப் படலம் விடும், வழுக்கும், பின்னால் புதுப் பூச்சு ஒட்டாது. ஆசிட், பிளீச்சிங் பவுடர், சோடா மாவு மூன்றும் கிட்டேயே வரக்கூடாது. நுரை அதிகமானால் உறிஞ்சும் மோட்டாருக்கும் கேடு.

மெஷினே போடக்கூடாத தரை

வேலையை ஒத்துக்கொள்ளும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் சோதனை. நாலைந்து இடத்தில், முக்கியமாக வாசல் பக்கம், ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. மரம் கறுத்து, சொட்டு உள்ளே போனால் பூச்சு போய்விட்டது, அல்லது எண்ணெய், மெழுகு மட்டும் போட்ட தரை. அங்கே ஈர மெஷின் கூடாது. முதலில் பூச்சு வேலை, பிறகுதான் சுத்தம்.

லேமினேட் என்பது மரமே இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைமேல் மரப்படம் ஒட்டியது. இடுக்கில் தண்ணீர் போனால் ஊதும், ஊதினது திரும்ப வற்றாது. அதற்கு மைக்ரோஃபைபர் மாப்தான். என்ஜினியர்டு மரத்தில் மேலே மெல்லிய நிஜ மரம், அடியில் ஒட்டுப்பலகை. பூச்சு சரியாக இருந்தால் மெஷின் போடலாம். ஏற்கெனவே குழிந்திருக்கும் தரையை போட்டோ எடுத்து, உரிமையாளரிடம் காட்டி, எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலை தொடங்கணும்.

நேரமும் முக்கியம். விடியற்காலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், தரை காயாது. வெயில் ஏறி பத்து மணிக்கு மேல், ஃபேன் போட்டு வைத்துச் செய்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மெஷின் முறையைப் பாதியாகக் குறைத்து, மீதியை உலர்ந்த துணியால் சமாளிக்கலாம்.

வாங்கப் போகும்போது

மச்சான் கடைசியில் வாங்கியது உருளை பிரஷ் மெஷினும் ஒரு நல்ல வாக்யூமும். வருடத்துக்கு ஓரிரு முறை பூச்சு வேலை வந்தால் ஒற்றைத் தட்டு மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறான். ஆனால் தேர்வை முடித்துவைத்தது என் எக்செல் ஷீட் இல்லை. வேலை செய்கிற இரண்டு அக்காக்களும் டெமோவுக்கு வந்திருந்தார்கள். பெரிய மெஷினைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒருவர், "தம்பி, இத நான் தள்றது இல்ல, இதுதான் என்னத் தள்ளுது" என்றார். சின்னதை இரண்டு பேரும் சேர்ந்து மாடிக்குத் தூக்கிப் பார்த்தார்கள், முடிந்தது. தினமும் ஓட்டப்போகிறவர் கை வைத்துப் பார்க்காத மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஒயர் மெஷின் என்பதால் கரண்ட் விஷயமும் பார்க்கணும். சுமார் 1½ கிலோவாட் மோட்டார் 230 வோல்ட்டில் 6½ ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் கூட. 16 ஆம்பியர் பிளக், எர்த் உள்ள பாயிண்ட், லைனில் ஆர்.சி.சி.பி. என்கிற கசிவுத் தடுப்பான். ஈரத் தரையில் கரண்ட் மெஷினோடு நிற்பது ஒரு மனுஷி என்பதை மறக்க வேண்டாம். பழைய கட்டடம் என்றால் கசிவுத் தடுப்பான் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நாமே கொண்டுபோய்விடுவது உத்தமம்.

டெமோவுக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: தொங்கும் தராசு ஒன்று, பக்கெட் இரண்டு, அளவு டேப், போனில் ஸ்டாப்வாட்ச். டீலர் நம்ம தரைக்கு மெஷினைக் கொண்டுவர மாட்டேன் என்றால் அடுத்த டீலரைப் பாருங்கள். பிரஷ், ரப்பர் ஸ்டாக் எங்கே இருக்கிறது, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வரும், அதுவரை மாற்று மெஷின் உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். இதே கழித்தல் கணக்கை உங்கள் ஊர்த் தரையில் யாராவது போட்டுப் பார்த்தால் எண்களை எனக்கு எழுதுங்கள். தேக்குத் தரை எண்கள் கிடைத்தால் ரொம்ப நல்லது, என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஹால்.